சாய்கோட்டுக்குப் பிறகு

விருதுநகர் பஜாரில் வத்தல் மண்டி ஒன்றின் மாடியில் தவுபிக்கின் கடை இருந்தது. கடை என்றால் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், படியேறி வரும் மிளகாய் நெடி. புதிதாக வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்வார்கள். 2007 ஜனவரியில் வந்த தனுஷ்கோடி ஏழு முறை தும்மினார்.

"பட்டாசு மருந்து கூட இப்படி மூக்குல ஏறாது பாய்," என்று வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார்.

சாத்தூர் போகும் சாலையில் உள்ளே தள்ளியிருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் கேட் கிளார்க். காலை ஏழரைக்குள் உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணின் பெயரையும், எந்த அறைக்குப் போகிறாள், என்ன வேலை என்பதையும் கம்ப்யூட்டரில் தட்டி வைப்பது அவர் வேலை. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று சட்டம் உண்டு. சோதனைக்கு வருகிறவர்கள் அறைவாரிப் பட்டியல் கேட்பார்கள். மேனேஜர் ரத்தினசாமிக்கு அந்தப் பட்டியல் ஒரு பட்டனைத் தட்டினால் வர வேண்டும்.

சிவகாசியிலிருந்து வந்த ஒருவர் ஏற்கெனவே ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்திருந்தார். பெயருக்கு ஒரு கட்டம், அறைக்கு ஒரு கட்டம், வேலைக்கு ஒரு கட்டம். தனுஷ்கோடி இரண்டே நாளில் அதைக் கைவிட்டார். கட்டம் கட்டமாகத் தாவிக்கொண்டிருந்தால் கேட்டில் நாற்பது பெண்கள் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். வெறும் நோட்பேடில், கீபோர்டைப் பார்க்காமல், கேட்கிற வேகத்தில் அடிப்பார். அவர் கொண்டுவந்த பிரிண்ட்டில் வரிகள் இப்படி இருந்தன.

வெள்ளைத்தாய் 17 திரி
17 பஞ்சம்மாள் மேற்படி
சொர்ணலட்சுமி மேற்படி மேற்படி
கருப்பம்மாள்/வேல்விழி 17 திரி

"ஏன் அண்ணாச்சி, ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு மாதிரி இருக்கே?"

"வர்றவுக சொல்ற வரிசையில அடிக்கேன். ஒருத்தி பேரைச் சொல்லிட்டு ரூமைச் சொல்லுவா. ஒருத்தி ரூமைச் சொல்லிட்டு நாம அவ பேரைத் தெரிஞ்சு வச்சிருக்கணும்னு நிப்பா. ஒரு நா கேட்டுல வந்து நின்னு பாருங்க, தெரியும்."

தவுபிக் ஒரு நாள் போய் நின்றும் பார்த்தான். அதன் பிறகு தனுஷ்கோடியிடம், "நீங்க அடிக்கிறதை மாத்த வேண்டாம். அதைப் புரிஞ்சுக்கிற மாதிரி நான் எழுதிருதேன்," என்றான்.

அந்த முறையை அவன் சென்னையில் வேலை பார்த்த மூன்று வருடத்தில் கற்றிருந்தான். பெரிய புரோகிராம் ஒன்றை எழுதுவதற்குப் பதிலாகச் சின்னச் சின்னதாகப் பல எழுத வேண்டும். ஒன்றுக்குப் பெயரைப் படிக்க மட்டும் தெரியும். இன்னொன்றுக்கு எண்ணை மட்டும் தெரியும். எழுத்து வரிசையைக் கையில் கொடுத்தால், தனக்குத் தெரிந்ததை முன்பக்கமிருந்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததிடம் கொடுத்துவிடும். தெரியாததாக இருந்தால் தொடாமல் அப்படியே திருப்பித் தரும். பிறகு இவற்றை இணைக்கச் சில: 'இது, அப்புறம் அது', 'இது, இல்லையென்றால் அது', 'எத்தனை இருக்கிறதோ அத்தனையும்'. பெயரும் எண்ணும், அல்லது எண்ணும் பெயரும் சேர்ந்தால் ஒரு வரி. வரிகள் சேர்ந்தால் ஒரு நாள். எதுவும் ஐந்தாறு வரிக்கு மேல் நீளாது. தனித்தனியே சோதித்துவிட்டால் சேர்த்த பிறகு பயமில்லை. அவற்றுக்கு அவன் தமிழிலேயே பெயர் வைத்தான்: பெயர், எண், வேலை, மேற்படி.

விளக்கியபோது தனுஷ்கோடி தலையாட்டினார். "அப்ப இதுவும் சரவெடி பின்னுற வேலதான். ஒத்தை ஒத்தையா உருட்டி வச்சிட்டுத் திரியில கோக்குறீக."

சாய்கோடுதான் மிச்சமிருந்தது. கருப்பம்மாள், ஒரு கோடு, வேல்விழி.

"அது பதிலாளு," என்றார் தனுஷ்கோடி. "கருப்பம்மாளுக்கு மேலுக்கு முடியல, இல்ல ஒரு நல்லது கெட்டதுக்குப் போயிட்டான்னு வைங்க, மக வேல்விழியை அனுப்பிருவா. இடம் போயிரக் கூடாதுல்லா. சீசன்ல ஒரு நா வரலைன்னா மறுநா அந்த இடத்துல வேறொருத்தி உக்காந்திருப்பா. அதான், ஆளு மாறுனாலும் பேரு மாறாது. நான் நம்ம ஞாபகத்துக்கு ஒரு கோடு போட்டு எழுதிக்கிடுதேன்."

மேனேஜர் ரத்தினசாமியிடம் கேட்டபோது அவர் கணக்குப் போட்ட மாதிரி நிதானமாகப் பதில் சொன்னார். "பட்டியல்ல அது வரக் கூடாது தம்பி. பதிவுல இருக்க பேரு மட்டும் வந்தாப் போதும். கோட்டுக்குப் பின்னாடி உள்ளதைத் தள்ளிருங்க."

தவுபிக் தள்ளினான். 'தள்ளு' என்றே அதற்குப் பெயர் வைத்தான். சாய்கோட்டைக் கண்டால் அதையும் அதையடுத்து வரும் எழுத்துகளையும் இடைவெளி வரை எடுத்துக்கொள்ளும், எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. மூன்றே வரி. எழுதியவற்றிலேயே சிறியது அதுதான். முதல் தடவையே சரியாக ஓடியது. யாருடைய பெயரைத் தள்ளுகிறோம் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. கம்பெனிக்காரர்கள் கேட்டது அது, அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தான்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஆடி மூன்றாம் வெள்ளி. ஜும்மா முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது அவன் செல்போனில் பதினொரு அழைப்புகள் தவறியிருந்தன. பதினொன்றும் ரத்தினசாமி. பைக்கில் போகும்போதே சாலையின் வலப்பக்கம் புகை தெரிந்தது. வெள்ளையாக, அசையாமல், ஓர் இடத்திலேயே நின்ற புகை.

பதினேழாம் எண் அறை இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. பக்கத்து வேப்பமரத்தின் ஒரு பாதி இலையில்லாமல் நின்றது. யாரும் சத்தம் போட்டு அழவில்லை. அழுவதற்கு யார் பெயர் என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் கம்பிவேலிக்கு வெளியே அத்தனை ஜனம் நின்றது.

ஆபீஸ் கரண்ட் போகாமல் தப்பியிருந்தது. தவுபிக் நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய ஃபைலைத் திறந்து ஓட்டினான். கண் மூடித் திறக்கும் நேரத்தில் பட்டியல் வந்தது. அறை 17: வெள்ளைத்தாய், பஞ்சம்மாள், சொர்ணலட்சுமி, கருப்பம்மாள். நான்கு பேர், சட்டம் சொன்ன அளவுக்குள். பக்கத்தில் நின்ற அதிகாரி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தெளிவா எந்தக் கம்பெனியும் குடுத்ததில்ல," என்றார். அந்த ஒரு கணம் தவுபிக்குக்குப் பெருமையாக இருந்தது. பிற்பாடு அவனுக்குப் புகையோ மரமோ நினைவுக்கு வரவில்லை, அந்தக் கணம்தான் வந்தது.

பட்டியலை கேட்டில் ஒட்டினார்கள். அவனும் ஜனவரியிலிருந்து எல்லா ஃபைலையும் பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஒரு கணவனும் மனைவியும் படியேறி வந்தார்கள். இருவரும் தும்மவில்லை. அந்த அம்மாள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டு நெற்றி வரை இழுத்து விட்டிருந்தாள். ஆளைச் சுருக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

"பாய், நான் ஆண்டிச்சாமி," என்றார் கணவர். "இவ எம் பொண்டாட்டி. கருப்பம்மா."

தவுபிக் எழுந்து நின்றான். அவன் கையால் பிரிண்ட் எடுத்த நாலாவது பெயர் எதிரே நின்றது.

"இருக்கன்குடி கோயிலுக்கு நேர்ச்சை இருந்துச்சு தம்பி," என்றாள் கருப்பம்மாள். "அவளுக்கு மாப்பிள்ளை அமையணும்னு நேந்தது. அவளையும் கூட்டிட்டுப் போகத்தான் நெனச்சேன். ரெண்டு பேரும் போனா என் இடம் போயிரும்னு, நீ போம்மா நான் கம்பெனிக்குப் போயிக்கிடுதேன்னா. சாயங்காலம் பஸ்ஸை விட்டு எறங்கி, கூட்டமா இருக்கேன்னு கேட்டுல போயி நின்னேன். பக்கத்துல ஒருத்தி பட்டியலைப் படிச்சுக்கிட்டே வந்தா. எம் பேரைப் படிச்சா."

"யாரும் உங்களைப் பாத்தாகளா அக்கா?"

"எங்க ஊருக்காரி ஒருத்தி பாத்தா. வாயைப் பொத்தி இழுத்துட்டு வந்துட்டா."

ஆண்டிச்சாமி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தார். மூன்று உடல்களை அந்தந்த வீட்டார் அடையாளம் சொல்லிவிட்டார்கள். நாலாவதன் காலில் கொலுசு இருந்தது, வெள்ளி உருகி ஒட்டியிருந்தாலும் அவர் வாங்கிக் கொடுத்த கொலுசு அவருக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்காரர்களிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்: பட்டியலில் உள்ள பெயர் தப்பாக இருந்தால் என்ன செய்வார்கள் என்று. அப்படியானால் அது அடையாளம் தெரியாத உடல், மதுரைக்கு அனுப்பிச் சோதனை செய்ய வேண்டும், முடிவு வர ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும் என்றார்களாம். கம்பெனியோ, பதிவில் பெயர் இல்லாதவள் எங்கள் ஆளே இல்லை என்று இப்போதே பேச ஆரம்பித்திருந்தது.

"கேட்டுல கோடு போட்டு எழுதுவாகன்னு வேல்விழி சொல்லும்," என்றார் ஆண்டிச்சாமி. "அது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்னாக. எம் பிள்ளை பேரு அதுல இருந்தா எடுத்துக் குடுங்க. அதைக் காட்டி அவளை இன்னைக்கே வாங்கிருவேன். ஐஸ் பெட்டி கூடக் கிடையாது பாய் அங்கன."

தவுபிக் உட்கார்ந்தான். 'தள்ளு' இருந்த இடத்தில் வேறொன்றை எழுதினான்: கோட்டைத் தாண்டி, வருகிற பெயரை எடுத்து வைத்துக்கொள். அதற்கும் மூன்று வரிதான் பிடித்தது. சின்னச் சின்னதாக எழுதியதன் சௌகரியம் அது, ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் மற்றவை எதுவும் மாற வேண்டியதில்லை. ஜனவரியிலிருந்து எல்லா ஃபைலையும் ஓட்டினான்.

திரையில் பெயர்கள் வந்தன. அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத பெண்கள், நூற்றுக்கு மேல். மகள், மருமகள், தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரி. அவற்றிலிருந்து வேல்விழியை மட்டும் பிரித்தான்.

"ஜனவரி இருபத்திரெண்டு," என்று படித்தான்.

"காய்ச்சல் எனக்கு," என்றாள் கருப்பம்மாள்.

"பிப்ரவரி ஒம்பது."

"காரியாபட்டியில எந் தங்கச்சி மாமியா செத்த அன்னைக்கு."

"மார்ச் ஒண்ணு, ரெண்டு."

"அதுவும் காய்ச்சல்தான். ரெண்டாம் நா வரும்போது எனக்கு ரொட்டி வாங்கியாந்தா." சேலைத் தலைப்பு நழுவியதை அவள் கவனிக்கவில்லை. "இன்னும் படிங்க தம்பி."

அவன் படித்தான். ஏப்ரல் வரை மொத்தம் ஒன்பது நாள். ஒன்பதுக்கும் அவளிடம் காரணம் இருந்தது. மே மாதத்தில் வேல்விழி இல்லை. ஜூனிலும் இல்லை.

"மே மாசம் மூணு நா போனாளே. வயித்துக்குப் போயி நான் எந்திரிக்கவே இல்லையே."

அவன் மே மாத ஃபைலைத் திறந்து கண்ணால் பார்த்தான். வேல்விழி மட்டுமில்லை, கோட்டுக்குப் பின்னால் யாருமே இல்லை. ஏப்ரல் கடைசியோடு அந்தப் பெயர்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன. ஆகஸ்ட் மூன்றைத் திறந்தான். நூற்றுப் பன்னிரண்டாவது வரி.

கருப்பம்மாள்/ 17 திரி

கோடு இருந்தது. அதன் பிறகு ஓர் இடைவெளி. பிறகு பதினேழு.

அவன் தனுஷ்கோடிக்குப் போன் போட்டான். நாலாவது தடவைதான் எடுத்தார். ஒளிந்திருக்கிறவர் பேசுவது போலத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அண்ணாச்சி, மே மாசத்துலருந்து பதிலாளு பேரு இல்லையே."

"நீங்கதான் தள்ளிருதீகளே பாய்," என்றார் தனுஷ்கோடி. "லிஸ்டுல வரலை, யாரும் கேக்கலை. பின்ன என்னத்துக்கு ரெண்டு பேரு அடிக்கணும்? கேட்டுல அம்புட்டு கூட்டம். விட்டுட்டேன்."

"அப்ப நேத்துக் கோடு மட்டும் இருக்கே."

"கைப்பழக்கம். அந்தப் பிள்ளை வந்து நின்னுச்சு. அம்மா பேருன்னுச்சு. கை தானா கோட்டைப் போட்டிருக்கும்."

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீகளா?"

"பாய், என் வீட்ல நாலு பேரு. ரத்தினசாமி அண்ணாச்சி நேத்தே சொல்லிட்டாரு, பதிலாளுன்னு ஒரு வார்த்தை வாயில வரக் கூடாதுன்னு. நான் கோடு போட்டேன். பேரு போடலை. அதுக்கு மேல என்னைக் கேக்காதீக." போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது அணைந்திருந்தது.

கருப்பம்மாள் திரைக்கு அருகே வந்து நின்றாள். "எங்கன இருக்கு எம் பிள்ளை?"

அவன் கோட்டைக் காட்டினான். அவள் விரலைக் கோட்டுக்கு அடுத்த வெற்றிடத்தில் வைத்தாள். "இங்கனதான் எழுதியிருப்பாகளா?"

"ஆமாக்கா."

"நீங்களே அதுல அடிச்சிருங்க பாய்," என்றார் ஆண்டிச்சாமி. "பொய் ஒண்ணும் இல்லையே. அவதானே போனா."

தவுபிக்கின் விரல் கீபோர்டில்தான் இருந்தது. நாலே எழுத்து. நேற்றுச் சாயங்காலமே அந்த ஃபைலின் பிரதியைப் போலீசும் அதிகாரிகளும் எடுத்துப் போய்விட்டார்கள். இங்கே அடித்தால் அதோடு ஒத்துப்போகாது. அடித்தது அவன்தான் என்று தெரிந்த நிமிடத்தில், அந்த ஒன்பது நாளையும் சேர்த்துப் பொய் என்பார்கள். அதை அவன் சொன்னான். சொல்லும்போதே, இந்த நியாயம் ஜனவரியில் எங்கே போயிற்று என்று அவனுக்குள் கேட்டது. "நான் வந்து சொல்லுதேன். ஒம்பது நாளையும் காட்டுதேன். கேஸ் போட்டா நிக்கும்," என்றான்.

"எத்தனை நா ஆகும் தம்பி?"

தவுபிக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தான்.

கருப்பம்மாள் தலைப்பை எடுத்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டாள். புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள். "நீ போயி கருப்பம்மான்னே கையெழுத்துப் போட்டு வாங்கு."

"ஏய், கிறுக்கு மாதிரி பேசாத."

"பட்டியல்ல எம் பேருதானே இருக்கு. பொண்டாட்டி செத்துட்டான்னு புருஷன் கேட்டா இன்னைக்கே குடுத்துருவாக. மக எங்கன்னு கேட்டா காரியாபட்டியில சித்தி வீட்ல இருக்கான்னு சொல்லு."

"நிவாரணத்துக்காகப் பொய் சொன்னான்னு பேசுவானுக."

"பேசட்டும். எனக்குப் பதிலா அவ போனா. அவளுக்குப் பதிலா நான் இருந்துட்டுப் போறேன். ஒரு மாசம் அவளை அங்கன போட்டு வைக்க என்னால ஆகாது."

ஆண்டிச்சாமி படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கீழே மண்டியில் யாரோ மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, "வா," என்றார்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா," என்றான் தவுபிக். "தள்ளச் சொன்னாக, தள்ளிட்டேன்."

"நீங்க என்ன செய்வீக தம்பி," என்றாள் அவள். வைதிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலமே உடலைக் கொடுத்தார்கள். ஞாயிறு காலை அடக்கத்துக்குத் தவுபிக் போய் ஓரமாக நின்றான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒருவரும் சொல்லவில்லை. பெண்கள் "கருப்பம்மா" என்று பெயர் சொல்லி அழ ஆரம்பித்து, அதைத் தொடர முடியாமல், பெயரே இல்லாமல் அழுதார்கள். தலையாரி ஒருவர் வந்து நின்றுவிட்டுப் போனார். கருப்பம்மாள் அங்கே இல்லை. செத்தவள் தன் சாவுக்கு வர முடியாது. காரியாபட்டியில் தங்கச்சி வீட்டுக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, எத்தனை மணிக்குத் தூக்குகிறார்கள் என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ரேஷன் கார்டில் கருப்பம்மாளின் பெயரை அடித்தார்கள். வேல்விழியின் பெயர் இருக்கிறது. செத்தவள் பெயரைச் சொல்லி வேலைக்குப் போக முடியாது என்பதால், காரியாபட்டிப் பக்கம் களையெடுக்கப் போகும் இடத்தில் அந்த நாற்பத்திரண்டு வயதுக்காரி தன் பெயர் வேல்விழி என்று சொல்லிக்கொள்கிறாள் என்று அடுத்த வருடம் ஆண்டிச்சாமி ஒருமுறை பஜாரில் பார்த்தபோது சொன்னார். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவை அவள் திரும்ப மாட்டாளாம். சுற்றிலும் பார்ப்பாளாம்.

தீபாவளி கழிந்து கம்பெனி மறுபடி திறந்தது. ரத்தினசாமி புரோகிராமில் ஏதோ மாற்றம் கேட்டுப் போன் செய்தார். தவுபிக், இனி கோட்டுக்குப் பின்னால் பெயர் இல்லாத வரியைப் புரோகிராம் ஏற்காது, வாங்கினால் அப்படித்தான் வாங்க வேண்டும் என்றான். அவர் சிவகாசிக்காரரிடமே திரும்பப் போய்விட்டார்.

இருந்தாலும் அவன் அதை எழுதி முடித்தான். 'தள்ளு' என்பதை எடுத்துவிட்டு 'பதிலாள்' என்று ஒன்றை வைத்தான். சாய்கோட்டைக் கண்டால் அதற்குப் பிறகு ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஊகிக்காது, தாண்டாது, அந்த இடத்திலேயே நின்று எது குறைகிறது என்று சொல்லும். ஒரு மதிய நேரம், வேறு வேலையில்லாமல், ஜனவரியிலிருந்து எல்லா ஃபைலையும் அதில் ஓட்டினான். வேல்விழியின் ஒன்பது நாளும் வந்தன. மே, ஜூன், ஜூலை ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடின. தனுஷ்கோடியின் கை அந்த மூன்று மாதத்தில் ஒரு தடவை கூடப் பழக்கத்தில் கோடு போட்டிருக்கவில்லை. ஆகஸ்ட் மூன்றில் நின்றது.

வரி 112: சாய்கோட்டுக்குப் பிறகு ஒரு பெயர் வேண்டும்.

அவனே எழுதி வைத்த வாசகம்தான். கர்சர் அதன் கீழே விட்டு விட்டு மின்னியது. கருப்பம்மாளுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தை அவன் நிரப்பவும் இல்லை, அந்த வரியைத் தாண்டிப் போகச் சொல்லவும் இல்லை. அந்த வரிக்குக் கீழே உள்ள எதையும் அந்தப் புரோகிராம் இன்றுவரை படித்ததில்லை.